தொட்டி வாயில் நின்றவர்

கௌஸ் முகைதீன் யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எங்கள் கேம்பில் மொட்டை, பக்கோடா, சவுண்டு என்று ஆளுக்கொரு பெயர் புழங்கியது. அவர் மட்டும் வீட்டில் வைத்த பெயரை முழுசாகச் சொல்வார். தொட்டிக்குள் மயங்கிக் கிடந்தாலும் பெற்றவள் வைத்த பெயர் காதில் விழுந்தால் மனுஷன் திரும்பிப் பார்ப்பான் என்பது அவர் கட்சி.

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்களுக்குக் கழிவுத் தொட்டி சுத்தம் செய்கிற வேலை. நான் உறிஞ்சு டேங்கர் ஓட்டினேன். டேங்கர் எவ்வளவு உறிஞ்சினாலும் அடியில் கறுப்பாகச் சேறு படிந்து நிற்கும். அதை ஒருவன் ஏணி வழியாக இறங்கி வாளியில் வாரிக் கொடுக்க வேண்டும். இறங்குகிறவன் இடுப்பு பெல்ட்டில் கயிறு மாட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனை கௌஸ் பாய் கையில். அவர்தான் எங்கள் ஃபோர்மேன். தொட்டி வாயில் நின்றபடி அவ்வப்போது உள்ளே இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவன் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அவர் கயிற்றை இழுத்துவிடுவார். கம்பெனியில் யாரும் இந்தச் சட்டத்தைப் போடவில்லை, அவர் போட்டது.

அவர் தொண்டிக்காரர். வாப்பா கரையில் மூட்டை தூக்கியவர், உம்மாவுக்குப் பிறந்த இடம் பாசிப்பட்டினம். பிள்ளைகள் இரண்டே பேர், இவரும் தங்கை ரஹீமா பீவியும். ரஹீமா பீவியைக் கட்டிய செய்கு முகம்மது வேற்றாள் இல்லை, இவர்களின் மாமி மகன்தான். சின்ன வயசிலிருந்தே கௌசும் செய்குவும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வார்த்தை இன்னும் இறுகிப்போயிற்று. செய்குவை விசா எடுத்து ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டதும் கௌஸ் பாய்தான்.

அவருக்குப் பள்ளிப்படிப்பு குறைவு. ஆனால் தொண்டிப் பள்ளிவாசலில் ரமலான் மாதம் கேட்ட பயான், பிரசங்கம் எல்லாம் ஒன்றுவிடாமல் மனதில் இருந்தது. அதிலும் நபிக்குப் பிறகு மதினாவிலிருந்து ஆண்ட உமர் கலீபா என்றால் உயிர். காலையில் டேங்கரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, ஊரில் தன் பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வருவார்.

"கேளு உமாபதி. புராத்து நதிக்கரையில ஒரு ஆட்டுக்குட்டி பசியில செத்தாலும் அல்லா என்னையத்தான் கேப்பான்னு சொன்னாரு. அவரு இருக்கது மதினாவுல. நதி எங்கிட்டோ கிடக்கு. ஆடு யாரு வீட்டு ஆடோ."

"அப்ப நம்ம கேம்ப் பாஸையும் அல்லா கேப்பானா பாய்?"

"அவனைய மொதல்ல கேப்பான். பருப்புல தண்ணி ஊத்துனதுக்கு."

இப்படித்தான் பேச்சு போகும்.

இரண்டாயிரத்து ஒன்றில், ஒரு சோப்புக் கம்பெனியின் பழைய தொட்டியில் செய்கு முகம்மது இறங்கினார். தரைக்கு அடியில் கட்டிய ஆழமான தொட்டி. வாய் சின்னது, உள்ளே அறை மாதிரி விரிந்து போகும். அந்தக் காலத்தில் பெல்ட்டும் கிடையாது, கயிறும் கிடையாது. காற்றைச் சோதிக்கிற மிஷினை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் செய்குவின் சத்தம் நின்றுவிட்டது. கௌஸ் பாய் "மச்சான், மச்சான்" என்று கத்தினார். பீகார்க்காரர் ஒருவர் யாரையும் கேட்காமல் செய்குவைத் தூக்க இறங்கினார். ஏணியின் பாதியில் அவர் கை நழுவியதைப் பார்த்தோம். மூன்றாவதாக இறங்கப் போனவன் நான். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மண்ணில் தள்ளி என் நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டார் கௌஸ் பாய். உட்கார்ந்தபடியே தொட்டியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

செய்குவை ஷார்ஜாவிலேயே அடக்கம் செய்தார்கள். அன்று சாயந்தரம் கௌஸ் பாய் ஊருக்குப் போன் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். ரஹீமா பீவியின் குரல் போனைத் தாண்டி வெளியே கேட்டது. அண்ணனை அவர் காக்கா என்றுதான் அழைப்பார்.

"கூப்பிட்டீங்களா காக்கா?"

"கூப்பிட்டேம்மா."

"பதில் சொன்னாரா?"

"சொல்லலம்மா."

"சொல்லலையில்ல. அப்ப ஏன் எறங்கல?"

அதோடு போனை வைத்தவர்தான். பிறகு கௌஸ் பாய் லீவில் ஊருக்குப் போனாலும் அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. பெருநாளுக்கு எடுத்துப்போன துணி வாசற்படியிலேயே கிடந்து வெயிலில் வெளுத்தது.

கேம்பிலும் ஜாடையாகப் பேசுகிறவர்கள் இருந்தார்கள். ஒருநாள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவன், "உமரு உமருன்னு பேசுறாரு, மச்சானுக்கு ஆபத்துன்னதும் வாசல்லயே நின்னுட்டாரே" என்றான்.

கௌஸ் பாய் கோபப்படவில்லை. "உமரும் நின்னாருப்பா" என்றார். "ஷாம் தேசத்துக்குப் போறப்ப அங்க கொள்ளைநோய்னு சேதி வந்துச்சு. பாதி வழியில திரும்பிட்டாரு. அபூ உபைதான்னு அவருக்கு உயிருக்கு உயிரான தோழரு, அவரு கேட்டாரு, அல்லா எழுதுன விதிக்குப் பயந்தா ஓடுறீங்கன்னு. ஆமா, அல்லாவோட ஒரு விதியில இருந்து இன்னொரு விதிக்கு ஓடுறேன்னாரு. அபூ உபைதா நோய்க்குள்ளயே தங்கி மவுத்தாயிட்டாரு."

"அப்புறம் உமரு என்ன செஞ்சாரு?"

"அழுதிருப்பாரு. வேற என்ன செய்ய?"

அந்தச் சாவுக்குப் பிறகுதான் பெல்ட்டும் கயிறும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சட்டமும் வந்தன. அவர் கையில் பிறகு ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் ஒரு பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் ஒருநாள் உள்ளேயிருந்து பதில் வராமல் போனால் என்ன செய்வது? நின்றால் இன்னொரு வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். இறங்கினால் அவர் உயிர் போகும், அவரைத் தூக்க இறங்குகிறவன் உயிரும் போகும். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டாயிரத்து ஏழு, மார்ச் மாதம். அதே சோப்புக் கம்பெனியிலிருந்து அதே தொட்டிக்கு வேலை வந்தது. இத்தனை வருஷமும் அதை மூடிப்போட்டுப் பக்கத்தில் வேறு தொட்டி கட்டிப் புழங்கினார்களாம். இப்போது புதுசு நிறைந்து பழசுக்குள் வழிகிறதாம்.

அன்று இறங்க வேண்டிய முறை கார்மேகத்துக்கு. கார்மேகம் என் சின்னம்மா மகள் நாகஜோதியின் ஒரே மகன். திருவாடானைப் பக்கம். என்னை மாமா என்பான், கௌஸ் பாயைப் பாய் மாமா என்பான். மீசை முளைத்த நாளிலிருந்து வாய் ஓயாதவன். தொட்டியின் கதையைக் கேட்டதிலிருந்து மட்டும் பேச்சுக் குறைந்து போயிருந்தது.

"என்ன மாப்ள, வாயில பூட்டுப் போட்டிருக்கே?" என்றார் கௌஸ் பாய்.

"ஒண்ணுமில்ல பாய் மாமா. ரெண்டு பேரு செத்த எடமாமில்ல."

"இந்த ஊர்ல ஆளு சாவாத எடம் எதுன்னு சொல்லு, அங்க போயி வேலை பாப்போம்."

சிரித்தான். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

காலையிலேயே புழுதிக் காற்று எடுத்துவிட்டது. வானம் மஞ்சளாகிக் கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்துக் கொட்டகையே தெரியவில்லை. எங்கள் எஞ்சினியர் ஷ்யாம் சென்னைக்காரர், நல்ல பையன். காற்றுச் சோதிக்கிற மிஷினைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. இறங்கலாம் என்று சொல்லிவிட்டு மிஷினை எங்களிடம் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனார். மூக்கிலும் வாயிலும் ஈரத்துணியைச் சுற்றி, மேலே முகமூடி போட்டுக் கார்மேகம் இறங்கினான்.

"கார்மேகம்!"

"இருக்கேன்!"

வாளி வந்தது, போனது. நான் வாங்கிக் கொட்டினேன். கௌஸ் பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயோரம் குந்தியிருந்தார். கறுப்புச் சேற்றின் நாற்றம் குடலைப் புரட்டியது. அந்த வேலையில் நாங்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. நாறுகிற வரைக்கும் பயமில்லை. நாற்றம் திடீரென்று நின்றால் காற்று நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கெட்ட காற்று முதலில் மூக்கைத்தான் கொல்லும்.

உச்சி நேரம். பக்கத்துப் பள்ளிவாசலில் லுகர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது. அது முடிவதற்குள் இன்னொரு பள்ளிவாசல், அதற்குப் பின்னால் இன்னொன்று. புழுதிக்குள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சத்தம் வருகிறது என்றே தெரியவில்லை. கடைசி பாங்கும் ஓய்ந்ததும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், காற்றுகூட நின்ற மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்றம் இல்லை.

"பாய், நாத்தம் நின்னுருச்சு."

அவர் அதற்குள் கூப்பிட்டுவிட்டார். "கார்மேகம்!"

பதில் இல்லை.

"கார்மேகம்!"

இல்லை.

கயிற்றை இழுத்தார். நானும் ஓடிப்போய்ச் சேர்ந்து பிடித்தேன். ஆள் கனம் கனக்கும் என்று காலை ஊன்றினேன். கயிறு லேசாக வந்தது. ஆள் இல்லாமல், கொக்கி மட்டும் ஆடிக்கொண்டு மேலே வந்தது.

நாகஜோதியின் முகம்தான் கண் முன்னால் நின்றது. கௌஸ் பாய் அந்தக் கொக்கியைப் பார்த்தார். பிறகு ஒரு காலை ஏணியில் வைத்தார்.

"பாய், வேணாம்!" பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவர் உடம்பு அனலாகக் கொதித்தது.

"விடு உமாபதி."

"அன்னைக்கி என் நெஞ்சு மேல ஏறி உக்காந்தீங்கல்ல! இன்னைக்கி விடச் சொல்றீங்க!"

அவர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. தலையைத் தொட்டிக்குள் குனிந்து மூன்றாவது தடவை கூப்பிட்டார். அவர் கூப்பிட்ட பெயர் கார்மேகம் இல்லை. "செய்கு!" என்று கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"வாறேன் மச்சான்."

அவசரமில்லாத குரல். வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறவன் சொல்கிற மாதிரி இருந்தது. என் பிடி தானாகத் தளர்ந்தது. கௌஸ் பாய் நகரவில்லை. இரண்டு பேரும் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏணி ஆடியது. ஒரு கை தெரிந்தது, பிறகு ஹெல்மெட், பிறகு முகமூடி. கார்மேகம்தான். நாங்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, மண்ணில் விழுந்து முகமூடியையும் துணியையும் பிடுங்கி எறிந்துவிட்டு வாந்தி எடுத்தான். காற்றுச் சோதிக்கிற மிஷினை நான் தொட்டிக்குள் இறக்கினேன். பாதி ஆழம்கூடப் போகவில்லை, அது அலறத் தொடங்கியது. அடிச்சேற்றைக் கிளறியதில் கெட்ட காற்று கிளம்பியிருக்கிறது.

தண்ணீர் குடித்த பிறகு கேட்டேன். "ஏண்டா, கூப்பிட்டப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

"உச்சி நேரம் மாமா. ஆளு செத்த எடம். அப்படிப்பட்ட எடத்துல பேரு சொல்லிக் கூப்பிட்டா மூணு தடவை கூப்பிட்டாத்தான் பதில் குடுக்கணும்னு அம்மா சொல்லும். பேயி ரெண்டு தடவைதான் கூப்பிடுமாம். பதில் சொன்னா கூடவே வந்துருமாம். அதான் மூணாவதுக்குக் காத்துக்கிட்டு நின்னேன்."

"நாங்கதானடா கூப்பிட்டோம்!"

"மேல இருந்து வரலையே மாமா. எனக்குப் பின்னால, சொவத்துப் பக்கம் இருந்துல்ல வந்துச்சு."

எங்கள் ஊர் வழக்கம்தான். எனக்கும் தெரியும், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். கௌஸ் பாய் வளர்ந்த தெருவில் அந்தப் பேச்சு கிடையாது. அவர் சட்டத்தில் இரண்டு தடவைக்குப் பதில் இல்லையென்றால் ஆள் விழுந்துவிட்டான் என்று அர்த்தம். இவன் கணக்கில் இரண்டு தடவைக்குப் பதில் சொன்னால்தான் ஆபத்து. ஒரே கேம்பில் ஒரே சட்டியில் சோறு தின்றும் இது இத்தனை நாள் பேச்சில் வரவே இல்லை. கயிறு வாளியில் மாட்டி மாட்டி இழுத்ததால் கொக்கியைக் கழற்றிவிட்டேன் என்றான். அதற்கு நான் ஒன்று வைத்தேன் முதுகில்.

கௌஸ் பாய் எழுந்தார். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, மூணாவது தடவை நீ பதில் சொன்னியா?"

"நான் எங்க பாய் மாமா சொன்னேன்? கயிறு தானா மேல போறதப் பாத்ததும் பயந்து ஏணியப் பிடிச்சுட்டேன். தலை சுத்துச்சு. மூச்சே விட முடியல, எப்படிப் பேச?"

"மூணாவது தடவை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க?"

"மூணாவது ஒண்ணும் கேக்கலையே."

கௌஸ் பாய் என்னைப் பார்த்தார். எனக்கும் கேட்டது என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஓடி வந்த ஷ்யாம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பக்கத்துத் தொட்டியோட குழாய் இணைஞ்சிருக்கு அண்ணே. அந்தப் பக்கம் யாராவது பேசினா இதுக்குள்ள கேக்கும்" என்றார். இருக்கலாம். பக்கத்துத் தொட்டி மூடியிருந்தது, அதன் மேல் ஒரு லாரி நின்றது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது கௌஸ் பாய் டேங்கரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கேம்ப் வாசல் தெரிகிறபோது சொன்னார்.

"உமரு ஒரு வெள்ளிக்கிழமை மதினாவுல குத்துபா பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்காரு. நடுவுல, சாரியா, மலை, மலைன்னு கத்துறாரு. கூட்டத்துல யாருக்கும் வெளங்கல. சாரியாங்கிறது அவரு அனுப்புன படைத்தலைவரு. பாரசீகத்துல, மாசக்கணக்குல நடக்கணும், அம்புட்டுத் தூரம். அங்க எதிரி சுத்தி வளைக்கப் போறான். அப்ப சாரியா காதுல மலை, மலைன்னு உமரோட சத்தம் கேட்டுச்சாம். மலையை முதுகுக்கு வச்சு நின்னு தப்பிச்சாங்களாம்."

"அப்ப நீங்க கூப்பிட்டதும் அப்படித்தான் பாய்."

"அவரு கலீபா. நான் சேறு அள்ளுறவன். அவரு கூப்பிட்டது மலையில கேட்டுச்சு. நான் கூப்பிட்டது எங்க கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியலையே உமாபதி."

அந்தத் தொட்டியில் பாதி வேலை மிச்சம். ஷ்யாம் காற்று ஊதுகிற மிஷினை வைத்து மறுநாள் வரை ஓட விட்டார். மறுநாள் முற்பகலில் சோதித்தோம், சுத்தமாக இருந்தது. யார் இறங்குவது என்ற பேச்சு வந்தபோது கௌஸ் பாய் பெல்ட்டை எடுத்துத் தன் இடுப்பில் மாட்டினார். ஊருக்கு ஒரு சட்டம் போட்டால் உமர் அதை முதலில் தன் வீட்டுக்குத்தான் போடுவாராம். கயிற்றைக் கார்மேகம் கையில் கொடுத்தார். "கூப்பிடு. நான் மொத தடவையே பதில் சொல்லுவேன்" என்றார்.

"பாய் மாமா!"

"இருக்கேன்!"

சொன்ன மாதிரியே சொன்னார். வாளி வந்துகொண்டிருந்தது. பிறகு வாளி வருவது நின்றது. கூப்பிட்டால் பதில் மட்டும் உடனே வந்தது. கார்மேகம் என் கையைச் சுரண்டினான்.

"மாமா, கேக்குதா?"

உள்ளே கௌஸ் பாய் பேசிக்கொண்டிருந்தார். வார்த்தை பிடிபடவில்லை. அவர் பேசுவார், நிறுத்துவார். அந்த இடைவெளியில் சேறு சொட்டுகிற சத்தம். பிறகு அவர் "ம்" என்பார். ஒருமுறை சிரித்தார். மச்சினன்மார் ஒருவரையொருவர் கிண்டல் செய்கிறபோது வருகிற சிரிப்பு அது. அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் வருஷக்கணக்காகக் கேட்டதில்லை. மிஷினைப் பார்த்தேன், காற்று நன்றாகத்தான் இருந்தது. மயக்கத்தில் பிதற்றுகிறார் என்று சொல்லவும் வழியில்லை.

கார்மேகம் கயிற்றைக் கையில் சுற்றினான். "இழுத்துரவா மாமா?"

"பதில் வருதில்ல. சட்டப்படி இழுக்கக் கூடாது" என்றேன்.

அவராகவே ஏறி வந்தார். முகத்தில் கலக்கம் இல்லை. "கலாஸ், முடிஞ்சிருச்சு. மூடிருங்க" என்றார்.

"யாரோட பேசிக்கிட்டு இருந்தீங்க பாய் மாமா?"

"மச்சானோட. தங்கச்சிக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாரு."

கார்மேகமும் நானும் மூடியைத் தள்ளித் தொட்டியை மூடினோம்.

சாயந்தரம் தொழுதுவிட்டு வந்து போன் போட்டார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். மறுமுனையில் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை எடுத்து, ரஹீமா பீவியை அழைக்க, தான் இல்லை என்று சொல்லிவிடும்படி அவர் சொன்னது எங்களுக்கே கேட்டது.

"வைக்கச் சொல்லாதே தாயி" என்று தங்கைக்கே கேட்கிற மாதிரி கத்தினார் கௌஸ் பாய். "ஒரே ஒரு வார்த்தை. தலகாணிக்கு அடியில அவரோட பச்சைக் கைலிய மடிச்சு வச்சிருக்கியாம். அதுல பூச்சி அரிக்குதாம். யாருக்காச்சும் குடுத்துருவியாம். மச்சான் சொல்லச் சொன்னாரு."

ஊரில் ஏதோ கோழி கூவுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் கைமாறியது.

"காக்கா." ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெண் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. "அந்தக் கைலி அங்க இருக்கது எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாதும்மா."

"பதில் சொன்னாரா?"

"சொன்னாரும்மா. வாறேன் மச்சான்னாரு."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கணக்குத் தீர்ந்தது, இனி அண்ணனை வீட்டுக்குக் கூப்பிடுவார் என்றும் நினைத்தேன். குரல் நிதானமாக வந்தது.

"அப்ப அவரு அங்கதான் இருக்காரு."

"இருக்காரு போலம்மா."

"தனியா விட்டுட்டு வந்துறாதீங்க காக்கா."

அவ்வளவுதான். போனைக் காதில் வைத்தபடி கௌஸ் பாய் "சரிம்மா" என்றார்.

அதன் பிறகு அண்ணனும் தங்கையும் வாரம் தவறாமல் பேசினார்கள். ரஹீமா பீவி சிரித்துப் பேசுவார், உடம்பு சுகம் விசாரிப்பார், பெருநாளுக்குத் துணி எடுத்து அனுப்புவார். கௌஸ் பாய் மட்டும் லீவு எடுப்பதை நிறுத்திவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சோப்புக் கம்பெனித் தொட்டியைத் திறப்பார்கள். அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் வேலை படுத்துக் கம்பெனி ஆளைக் குறைத்தது. கார்மேகமும் நானும் மூட்டை கட்டினோம். அவரையும் அனுப்பத் தயாராகத்தான் இருந்தார்கள். அவர் மன்றாடிப் பாதிச் சம்பளத்துக்கு இருந்துகொண்டார். தலைமுடி முழுக்க வெளுத்து, இருமல் வேறு பிடித்திருந்தது. ஏர்போர்ட்டுக்கு வண்டி வந்து நிற்கிறது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும் பாய். நீங்களும் கிளம்புங்க. தங்கச்சிதான் இப்ப நல்லாப் பேசுதே. உங்களப் பாத்தா சந்தோஷந்தானே படும்."

கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"மச்சானத் தனியா விட்டுட்டு நான் வந்து நின்னா அவ கதவத் திறக்க மாட்டா உமாபதி" என்றார்.